மலையேறும் காரும் மிகு காற்றழுத்தமும்

விடுமுறைக்கு வரும் நம் இளைஞர் சிலர், டர்போ காரின் சைலன்சர் குழாயை அகலப்படுத்தி, குடும்பத்தோடு மாட்டுப்பட்டி அணைக்கு ஏறுகின்றனர். வழியில் பூஸ்ட் மீட்டரின் முள் எல்லை தாண்டினால் என் செய்வது?

அவ்விடம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. மீட்டரோ வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தையே காட்டுவது. ஆதலின், அக்குறைவை ஈடுசெய்யும் மின்னணுக் கட்டுப்பாடுள்ள கார்களில், பழுதின்றியும் முள் சற்று ஏறும். சமவெளியிலும் மிகுந்தே நின்றால் பழுது உண்டென்று கொள்வோம்.

டர்போவைச் சுழற்றும் புகையில் மிகுதியை விலக்கும் கதவே வேஸ்ட்கேட். அதற்குச் செல்லும் சிறு ரப்பர்க் குழாயை முதலில் நோக்குவோம். அது கிழிந்தாலும் கழன்றாலும் கதவு திறவாது. அடுத்து, கதவின் தண்டு இறுகியுள்ளதா எனக் கைப்பம்பால் சோதிப்போம். இரண்டும் செவ்வையாயிருந்து, என்ஜின் வேகத்தோடு அழுத்தமும் ஏறிக்கொண்டே போனால், அகன்ற குழாயையே ஐயுறல் வேண்டும்: பெருகிய புகைக்குக் கதவின் வாய் போதவில்லை.

மிகு அழுத்தம் பிஸ்டனையே உருக்கவல்லது. காரணம் காணும்வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதியாதிருப்போம். உடன் அமர்ந்திருப்போர் நம் மக்களன்றோ!