கியர் உதறினால் டிரைவர் மீது பழியா?

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. கியர்பாக்ஸைக் கெடுத்துவிட்டாய்!"

சேட் இப்படிச் சொன்னதும் அந்தத் திருநெல்வேலி வாலிபருக்கு முகம் சுருங்கிவிட்டது. மும்பையில் பிறர் காரை ஓட்டிப் பிழைக்கும் தமிழர்களில் அவரும் ஒருவர். சயானிலிருந்து அந்தேரிக்குத் தினமும் போய்வரும் ஆட்டோமேட்டிக் கார், கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னால் இடித்ததுபோல் உதறியது. ஒர்க்ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குக் கொடுத்தார்கள். சேட் அந்த மாதச் சம்பளத்திலேயே 2 ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.

வாலிபர் குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் போனார்.

"அண்ணாச்சி, வேலையே போயிரும் போலிருக்கு."

"பாக்ஸை இறக்க வேண்டாம் தம்பி. முதல்ல ஆயிலைப் பார்ப்போம்" என்றார் மிஸ்திரி.

ஆயில்தான் கை

காரணம் இருக்கிறது. இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் மிதி கிடையாது. பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்சுகளைப் பிடித்தும் விட்டும் கியரை மாற்றுகிறது. நின்று நின்று போகும் நெரிசலில் அந்த ஆயில் சூடேறிக் கெடுகிறது. நல்ல ஆயில் பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். இந்தக் காரிலோ டிகாக்ஷன்போல் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது.

அடித்தட்டைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்த்தார் மிஸ்திரி. சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருந்தது. அது தேய்மானத் தூள், பயமில்லை. இரும்புச் சில்லுகள் இருந்திருந்தால் பாக்ஸை இறக்கியே தீரவேண்டும். ஆயில் மாற்றிப் பயனில்லை.

வடித்தால் ஆயிலில் பாதிகூட வராது. மீதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். ஆகவே புது ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடித்தார். மூன்றாம் தடவை சிவப்பாக வந்தது. உதறல் அடங்கியது. காலையில் முதல் முறை கியர் மாறும்போது மட்டும் லேசான அசைவு.

காரோடு தந்த புத்தகத்தில் எந்த ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்றவேண்டும். சி.வி.டி. வண்டிக்கு ஆயிலே வேறு. கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்றால் அங்கே வாங்காமல் இருப்பது நல்லது.

சின்னக் கார்கள்

2014-ல் செலேரியோ வந்ததிலிருந்து பரவிய ஏ.எம்.டி. வேறு ஜாதி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். மனிதக் காலுக்குப் பதில் ஒரு கருவி கிளட்சை அழுத்துகிறது. கியர் மாறும்போது கொஞ்சம் தலையாட்டுவது அதன் பிறவிக் குணம். அந்த நேரம் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் குறையும். திடீரென்று அதிகமானால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். கிளட்சை மாற்றியபின் கம்ப்யூட்டருக்குப் புது அளவைப் பழக்கவேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை வெளியே அனுப்பும் பட்டறைகளும் உண்டு.

நின்ற வண்டியில் 'டி' போட்டதும் 'டொம்' என்று சத்தம் வந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பரையும் பார்க்கவேண்டும். கிழிந்த ரப்பருக்காக கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் உண்டு.

ஆயில் பில்லைச் சேட் பேசாமல் கொடுத்துவிட்டார். பிடித்த 2 ஆயிரம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.