விமானம் போனாலும் போட்டோ பைல் பேசும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் நிரப்புவது பெரும்பாலும் போட்டோக்களைத்தான். சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான பைல்கள் சேர்ந்துவிடும். ஆனால் எந்தப் படம் எங்கே, எப்போது எடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது. இதே சிக்கலுக்கு நல்ல வழி கண்டவர்கள், பழைய டர்போபிராப் பயணிகள் விமானங்களைப் பாதுகாக்கும் ஆர்வலர்கள். நான் படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது சாப்ட்வேர் வேலை. ஓய்வு நேரத்தில் இந்த விமானங்களின் படங்களைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம். அதில் கற்றுக் கொண்டதை இங்கு தருகிறேன்.

டர்போபிராப் என்றால் என்ன?

ஜெட் இன்ஜினில் இருப்பது போன்ற டர்பைன்தான் இதிலும் இருக்கிறது. அது சுழலும்போது கியர்கள் வழியாக முன்னால் உள்ள புரொப்பல்லரைச் சுழற்றும். அதற்கு முன்பிருந்த பிஸ்டன் இன்ஜின்களைக் காட்டிலும் அதிர்வு மிகக் குறைவு. இந்த வகையில் முதல் பயணிகள் விமானம் பிரிட்டனின் விக்கர்ஸ் விஸ்கவுண்ட். 1948 ஜூலை 16ல் முதன்முதலாகப் பறந்தது. 1950 ஜூலை 29ல் லண்டன் நார்த்தோல்ட்டிலிருந்து பாரிசுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. நான்கு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் இன்ஜின்களும் பெரிய நீள்வட்ட ஜன்னல்களும் இதன் அடையாளம். மொத்தம் 440க்கும் அதிகமான விஸ்கவுண்ட்கள் தயாராயின. இன்று பறக்கும் நிலையில் ஒன்று கூட இல்லை.

மியூசியங்களில் மிஞ்சியவை

எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய விஸ்கவுண்ட், இங்கிலாந்தின் டக்ஸ்போர்ட் மியூசியத்தில் உள்ளது. அதன் பதிவு எழுத்துகள் ஜி-ஏஎல்டபிள்யுஎப். விக்கர்ஸ் தொழிற்சாலை இருந்த புரூக்லேண்ட்ஸில் இன்னொன்று நிற்கிறது. அதற்கு ஸ்டீபன் பியர்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பைலட்டும் அல்ல, கம்பெனித் தலைவரும் அல்ல. விமானங்களைப் படமெடுத்த போட்டோகிராபர். புரொப்லைனர் என்ற இதழை 1979ல் தொடங்கியவர், 1984ல் மறைந்தார். படமெடுத்தவரின் பெயரை விமானத்துக்கே சூட்டியிருப்பது, போட்டோக்களுக்கு இந்தத் துறையில் எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்டுகிறது.

அதே புரூக்லேண்ட்ஸில்தான் விக்கர்ஸ் வேன்கார்டும் இருக்கிறது. இந்த ரகத்தில் தயாரானவை 44 மட்டுமே. 1996 அக்டோபர் 17ல் இங்கு வந்து இறங்கியதுதான் இந்த ரகத்தின் கடைசிப் பயணம். முழுமையாக மிஞ்சியிருப்பதும் இது ஒன்றுதான்.

ஆனால் மியூசியத்துக்குள் வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய விமானங்களைக் கூரைக்குள் வைக்க இடம் கிடைப்பது அரிது. வெட்டவெளியில் மழையும் ஈரமும் அலுமினியத்தை அரிக்கும். பணமும் ஒரு பிரச்னை. காஸ்போர்டில் இருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத் தொகுப்பு 2006ல் கலைக்கப்பட்டபோது சில ஜெட் விமானங்கள் அங்கேயே உடைக்கப்பட்டன. விஸ்கவுண்ட் ஒன்று பிரிக்கப்பட்டு, ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் பார்ச்சூன் மியூசியத்துக்குப் போய்ப் பிழைத்தது. எல்லா விமானங்களுக்கும் இந்த யோகம் கிடைக்காது. அவற்றுக்குப் போட்டோதான் கடைசிப் புகலிடம்.

படம் எப்போது ஆவணம் ஆகிறது?

அழகான படமாக இருந்தால் மட்டும் போதாது. எந்த விமானம், எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது ஆவணம். பதிவு எழுத்துகளில் ஒரு சிக்கல் உண்டு. விமானம் வேறு நாட்டுக்கு விற்கப்பட்டால் அவை மாறிவிடும். ஜி என்றால் பிரிட்டன், விடி என்றால் இந்தியா. தொழிற்சாலை தரும் தயாரிப்பு எண் மட்டும் மாறாது. உங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டும் சேசிஸ் நம்பரும் போலத்தான் இது. எனவே ஆர்வலர்கள் இரண்டையும் குறித்து வைக்கிறார்கள். பத்து நாடுகளில் எடுத்த பத்துப் படங்கள் ஒரே விமானத்தின் வரலாறு என்பது இப்படித்தான் தெரிய வருகிறது.

ஸ்லைடு பிலிமை ஸ்கேன் செய்திட

பழைய விமானப் படங்கள் பல 35 எம்எம் ஸ்லைடு பிலிமில் உள்ளன. அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு ஸ்லைடில் சுமார் 2 கோடியே 14 லட்சம் பிக்ஸெல்கள் கிடைக்கும். சுருக்கப்படாத டிஃப் பைலாக வைத்தால் ஏறத்தாழ 64 எம்பி. ஆயிரம் ஸ்லைடுகளுக்கு 64 ஜிபி. மூலப் பிரதியை டிஃப்பாகவும், மற்றவர்களுக்கு அனுப்ப ஜேபெக்காகவும் வைப்பது நல்லது. கோடக் அட்டைச் சட்டங்களில் பிலிம் கழுவிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். கையால் எழுதிய குறிப்பும் இருக்கலாம். எனவே அட்டையையும் சேர்த்து ஸ்கேன் செய்திடவும்.

பைலில் எழுத வேண்டியவை

1. டிஜிட்டல் கேமரா, படம் எடுத்த தேதியை எக்ஸிப் என்ற தகவலாகப் பைலுக்குள்ளேயே எழுதிவிடும். ஸ்கேனருக்கு அது தெரியாது. 1965ல் எடுத்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாளே தேதியாக நிற்கும். அதை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

2. விண்டோசில் ஜேபெக் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பிரிவில் டீடெய்ல்ஸ் டேப் செல்லவும். டைட்டில், டேக்ஸ், டேட் டேக்கன் ஆகியவற்றை அங்கேயே நிரப்பலாம். பைல் எங்கு போனாலும் தகவலும் பெரும்பாலும் கூடவே போகும். ஆனால் சில மெசேஜ் செயலிகள் படத்தை அனுப்பும்போது இதை நீக்கிவிடும்.

3. பைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பதிவு எழுத்துகள், ஊர் என்ற வரிசை நல்லது. ஆண்டும் மாதமும் முன்னால் இருந்தால் பெயர்கள் தாமாகவே கால வரிசையில் அமையும்.

4. ஏஐ மூலம் படத்தைத் தெளிவாக்கும் சாப்ட்வேர்களில் கவனம் தேவை. மங்கலான எழுத்தை அவை ஊகித்து வரைந்துவிடும். ஒரு எழுத்து மாறினால் அது வேறு விமானம். மூலப் பைலைத் தொடாமல், பிரதியில் மட்டும் சோதித்துப் பார்க்கவும்.

5. மூன்று பிரதிகள் வைக்கவும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே அல்லது கிளவுடில்.

உங்கள் ஆல்பத்திலும் இருக்கலாம்

இந்தியன் ஏர்லைன்ஸ் 1957 முதல் விஸ்கவுண்ட்களை இயக்கியது. பின்னர் அது இயக்கிய போக்கர் பிரெண்ட்ஷிப்பிலும், கான்பூரில் எச்ஏஎல் தயாரித்த ஆவ்ரோவிலும் இதே டார்ட் இன்ஜின்கள்தான். அந்தக் காலத்தில் விமானம் ஏறிய தாத்தாவோ பெரியப்பாவோ படிக்கட்டில் நின்று எடுத்த படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். பின்னால் விடி என்று தொடங்கும் எழுத்துகள் தெரிகிறதா பாருங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். படத்தை எப்போது வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யலாம். அந்தப் பதிலைச் சொல்ல அவர்கள் எப்போதும் இருக்க மாட்டார்கள்.