யாரோ போட்ட பாட்டு

"ஏய், இங்கதான்டி இருந்துச்சு. இந்தத் தூணுக்கு அந்தப் பக்கம். ஹெட்போன் இந்த உயரத்துல தொங்கும்."

பெரம்பூர் அக்கா தன் தோளுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். கை நின்ற இடத்தில் இப்போது இறக்கிவிட்ட ஷட்டர். "இவ நுனிக்கால்ல நின்னுதான் எடுப்பா" என்றார் சைதாப்பேட்டை அக்கா. "நீ மட்டும் என்ன, வயர் எட்டாம கூன் போட்டுக்கிட்டே கேப்ப" என்று உடனே பதில் வந்தது.

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவுக்குள் நான்கு தோழிகளோடு நின்றிருந்தேன். நால்வரும் 1990களில் மவுண்ட் ரோட்டு அலுவலகங்களில் டைப்பிஸ்ட்டாகவும் கிளார்க்காகவும் வேலை பார்த்தவர்கள். நான்கும் வேறு வேறு ஆபீஸ். பஸ் ஸ்டாப்பில் ஏற்பட்ட பழக்கம். இப்போது எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை எங்காவது கூடுகிறார்கள். "பேரைப் போட்டுடாதம்மா, எங்க வீட்டுப் பசங்க ஒரு வாரம் ஓட்டுவாங்க" என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் குடியிருக்கும் ஊரையே பெயராக வைத்துக்கொள்கிறேன். பெரம்பூர், சைதாப்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி.

பேச்சு எங்கே தொடங்கியது என்றால் தண்ணீர் கேனில். கேன் போடுகிற பையன் மூன்று மாடி ஏற மாட்டேன் என்கிறானாம். அங்கிருந்து முட்டிவலி, முட்டிவலியிலிருந்து கரண்ட் பில், கரண்ட் பில்லிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள். "நாள் பூரா ஏ.சி. ஓடுது. பாவம், அவளும் என்ன பண்ணுவா, மீட்டிங் மீட்டிங்னு உக்காந்திருக்கா." ஏ.சி. என்ற சொல் வந்ததுமே நால்வரும் ஒரே நேரத்தில் பழைய காலத்துக்குப் போய்விட்டார்கள்.

1991ல் இந்த மால் திறந்தபோது இவர்களில் ஒருவர் வீட்டிலும் ஏ.சி. கிடையாது. வெளியே கத்திரி வெயில், கதவைத் தள்ளி உள்ளே வந்தால் மார்கழி. ஆபீஸ் விட்டதும் பஸ்ஸில் கூட்டம் குறைகிற வரை இங்கே வந்து நிற்பார்கள். வாங்கியது மிகக் குறைவு. ஸ்டிக்கர் பொட்டு, ஹேர் கிளிப், எப்போதாவது ஒரு கேசட். "அந்த வயசுல நாலு பொம்பளைங்க சும்மா நின்னு சிரிச்சுப் பேச ஊர்ல வேற எடம் எது சொல்லு? பீச்சுக்குப் போனா ஒருத்தன் பின்னாடியே வருவான். ஓட்டல்ல டேபிளைத் துடைச்சுக்கிட்டே இருப்பான், எழுந்துக்கிற வரைக்கும். இங்க யாரும் ஒண்ணும் கேக்கல" என்றார் திருவல்லிக்கேணி அக்கா.

எஸ்கலேட்டர் கதையைச் சொல்லாமல் இவர்களைப் பற்றி எழுத முடியாது. முதல் நாள் மயிலாப்பூர் அக்கா ஏற மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறார். புடவை மாட்டிக்கொள்ளும் என்ற பயம். பின்னால் வரிசை நீள்கிறது. அது கிறிஸ்துமஸ் வாரம். மேல்தளத்தில் எங்கோ ஜிங்கிள் பெல்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பூர் அக்கா சர்ச் கொயரில் பாடுகிறவர். கையைப் பிடித்துக்கொண்டு, "படியைப் பாக்காத. பாட்டைக் கேளு. தாளம் விழும்போது காலை வை" என்றிருக்கிறார். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தாளத்துக்குக் காத்திருந்து, கால் வைத்து, ஏறிவிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த எஸ்கலேட்டரைப் பார்த்தாலும் தனக்குள் அந்த மெட்டு கேட்பதாகச் சொல்கிறார் மயிலாப்பூர் அக்கா. அவர் தினமும் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர். ஜிங்கிள் பெல்ஸ் கேசட்டை ஒருநாளும் காசு கொடுத்து வாங்கியவரில்லை.

இந்த இடத்தில்தான் என் கட்டுரை திசை மாறியது. மால் நினைவுகளை எழுதலாம் என்றுதான் வந்தேன். ஆனால் நால்வரும் சொன்ன கதைகளில் கடைகளைவிடப் பாட்டுகள்தான் அதிகம் இருந்தன. அத்தனையும் யாரோ போட்டு இவர்கள் காதில் விழுந்த பாட்டுகள். தாங்களாகப் போட்டுக் கேட்ட பாட்டு ஒன்றுகூட இல்லை.

பண்டிகைப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஜிங்கிள் பெல்ஸ் 1857ல் அமெரிக்காவில் வெளியானது. பனியில் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் உல்லாசமாகப் போகிற பாட்டு அது. முழுப் பாட்டிலும் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. நம் ஊரில், டிசம்பர் 31 நள்ளிரவில் ஒலிக்காத தெருவே இல்லை என்னும்படி ஆகிவிட்ட 'சகலகலா வல்லவன்' பாட்டு, 1982 ஆகஸ்ட்டில் வந்த படத்தில் இருப்பது. தீபாவளி என்றால் நினைவுக்கு வரும் 'கல்யாண பரிசு' பாட்டு, 1959 ஏப்ரலில் வந்த படத்தில் இருப்பது. படம் வெளியான நாளுக்கும் பண்டிகைக்கும் தொடர்பில்லை. வானொலியில் போட்டார்கள், டீக்கடையில் போட்டார்கள், கல்யாண மண்டபத்து மைக்செட்காரர் போட்டார். வருஷா வருஷம் ஒரே நாளில் ஊரே சேர்ந்து கேட்டுக் கேட்டு அவை பண்டிகைப் பாட்டாகின.

மயிலாப்பூர் அக்கா சொன்ன ஒன்றை இங்கே முழுதாக எழுத வேண்டும். அவருடைய அப்பா ஓர் ஆவணி மாதத்தில் காலமானார். எல்லா வேலையையும் தலைமேல் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, தம்பிகளைப் பார்த்து, பத்தாம் நாள் காரியம் முடிந்து ஆபீஸுக்கும் போய்விட்டார். அழவில்லை. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் தீபாவளி இல்லை. எண்ணெய் ஸ்நானம் இல்லை, பட்சணம் இல்லை. விடிகாலையில் வாசல் கதவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனை டீக்கடையில் ரேடியோ. மங்கள இசை முடிந்து, நாலு பாட்டு தள்ளி 'கல்யாண பரிசு' பாட்டு வந்தது, சுசீலா அம்மா குரலில், அந்தச் சந்தோஷப் பாட்டு.

"அப்பா வருஷா வருஷம் சொல்லுவார், இதே மெட்டு பின்னாடி சோகமா வரும், மியூசிக் போட்டவரே பாடுவார், அதையும் போடுடா பாவின்னு ரேடியோகிட்ட சண்டை போடுவார். தீபாவளி அன்னிக்கு யாராவது சோகப்பாட்டு போடுவாளா? அந்த வருஷமும் போடல. சந்தோஷப் பாட்டுதான். அதைக் கேட்டுண்டே அழுதேன் பாரு, அப்படி ஒரு அழுகை. அம்மா ஓடி வந்து கட்டிண்டா. என் கையில ரேடியோ இருந்திருந்தா முதல் வரியிலேயே அணைச்சிருப்பேன். அது டீக்கடைக்காரர் ரேடியோ. அணைக்க முடியல. அதனாலதான் அழுதேன்."

மற்ற மூவருக்கும் இந்தக் கதை முன்பே தெரிந்திருக்கிறது. சைதாப்பேட்டை அக்கா கைப்பையைத் திறந்து ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

பெரம்பூர் அக்காவுக்குக் கேரல்ஸ். நள்ளிரவு தாண்டி கிட்டாரும் டிரம்முமாகத் தெருவில் வருவார்கள், கூடவே பருத்தித் தாடி ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா. தூக்கக் கலக்கத்தில் எழுந்து, தட்டில் கேக் எடுத்து வைத்துக் கதவைத் திறக்க வேண்டும். திருவல்லிக்கேணி அக்காவுக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் ரம்ஜான் நோன்பில் சஹருக்கு எழுப்ப தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு வரும் பக்கிர்சா. எதிர்வீட்டு இந்துக் குடும்பமும் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்ளுமாம். அந்த வீட்டுப் பாட்டி, "இன்னிக்கு லேட்டா வந்தாரே, உடம்பு சரியில்லையோ" என்று விசாரிப்பாராம். சைதாப்பேட்டை அக்காவுக்கு ஆடி மாதம், கூழ் ஊற்றும் ஞாயிறு, கோயில் குழாயில் எல்.ஆர்.ஈஸ்வரி.

ஸ்பென்சரில் இதெல்லாம் ஒரே கூரையின்கீழ் நடந்திருக்கிறது. ஒவ்வொரு கடைக்காரரும் தனக்குப் பிடித்ததைப் போட்டார். கேசட் கடையில் புதுப்படம், பரிசுப்பொருள் கடையில் ஆங்கிலம், சாம்பிராணி மணக்கும் மூலைக்கடையில் பக்திப்பாட்டு, காஷ்மீர் சால்வை விற்றவர் கடையில் இந்தி கஜல். நடந்துபோனால் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையலாம். பெரம்பூர் அக்கா கை காட்டிய அந்தப் பெரிய இசைக்கடையில் சுவரில் ஹெட்போன் தொங்கும். காசில்லாமல் கேட்கலாம். நால்வருக்கும் ஒரே ஹெட்போன்தான் கிடைக்கும். ஆளுக்கு ஒரு சரணம் என்று முறை வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு 2010ல் ராயப்பேட்டையிலும் 2013ல் வேளச்சேரியிலும் பெரிய மால்கள் வந்தன. இங்கே கூட்டம் குறைந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தச் சந்திப்புக்கு முந்தைய வாரம் புது மால் ஒன்றுக்கும் போய் இரண்டு மணி நேரம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு இருந்தது. கூரையிலிருந்து, எல்லாத் தளத்திலும் ஒரே அளவில், சொற்கள் இல்லாத மெட்டாக ஒலித்தது. பொது இடத்தில் பதிவிசையை ஒலிக்கவிட உரிமம் வாங்க வேண்டும், எல்லாத் தரப்புக்கும் பொருந்த வேண்டும் என்று வந்தால் மிஞ்சுவது இப்படித்தான் இருக்கும். மெதுவான இசைக்கு மக்கள் மெதுவாக நடக்கிறார்கள், கூடுதலாக வாங்குகிறார்கள் என்று அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் நடந்த ஆய்வு 1982லேயே சொல்லிவிட்டது. வேகமான இசை ஓடிய நாட்களைவிட மெதுவான இசை ஓடிய நாட்களில் விற்பனை ஏறத்தாழ 38 சதவீதம் கூடியிருந்தது. வியாபாரத்துக்கு அது சரி. ஆனால் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் காதில் இயர்போன். கூரையில் ஓடுவது அவர்களுக்குக் கேட்டிருக்க வழியே இல்லை.

என் கவலை இதுதான். மால் வரும், மால் போகும். ஒரு தீபாவளிக்கு ஒரே தெருவில் இருக்கிற நாற்பது வீடுகள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டது போனால் திரும்பி வருமா? என் பத்து வயது மகனிடம் கேட்டுப் பார்த்தேன், பொங்கல் என்றால் உனக்கு எந்தப் பாட்டு ஞாபகம் வருகிறது என்று. எனக்கு அந்த வயதில் யோசிக்கவே வேண்டியிருக்காது, 'தை பிறந்தால் வழி பிறக்கும்' படப் பாட்டுதான். 1958ல் வந்த படம், என் அப்பாவுக்கும் அதே பாட்டுதான். மகன் கொஞ்சம் யோசித்தான். தெரியவில்லை என்று சொன்னான். அவனுக்குப் பாட்டுப் பஞ்சம் இல்லை. நான் வாழ்நாளில் கேட்டதைவிட அதிகமான பாட்டுகள் அவன் விரல்நுனியில் இருக்கின்றன. ஆனால் அவன் கேட்பது அவனுக்காகவே பொறுக்கி எடுத்துக் கொடுக்கப்பட்டது. பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். பக்கத்து வீட்டுப் பையன் கேட்பது வேறு. இருபது வருஷம் கழித்து இருவரும் சந்தித்தால், "உனக்கு ஞாபகம் இருக்கா" என்று எதைச் சொல்லித் தொடங்குவார்கள்?

சைதாப்பேட்டை அக்காவின் மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அன்று அம்மாவை அழைத்துப்போக வந்தவர் என் கேள்வியைக் கேட்டுவிட்டு, "எதை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாமே மேடம், அது நல்லதுதானே? குழாய் ஸ்பீக்கர்ல பரீட்சைக்குப் படிச்ச கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். நியாயம்தான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்தது, அது வேண்டிய விதி. நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டுக்குள் குழாயைத் திருப்பி வைக்கச் சொல்லவில்லை நான். டீக்கடை ரேடியோ அளவுச் சத்தம் போதும். அது நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மயிலாப்பூர் வீட்டில் அன்று கைபேசியும் இயர்போனும் இருந்திருந்தால், பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்த அழுகையை உள்ளேயே வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஆபீஸ் போயிருப்பாரோ.

மால் என்பதை வெளிநாட்டிலும் தொடக்கத்தில் நினைத்தது வேறு மாதிரிதான். கூரை மூடிய, ஏ.சி. செய்த முதல் மால் 1956ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறந்தது. அதை வடிவமைத்தவர் ஊர்ப்பொதுவிடம் ஒன்றைத்தான் மனத்தில் வைத்திருந்தார், மக்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற இடம். பின்னால் தன் பெயரில் எழுந்த மால்களைப் பார்த்து அவரே கைகழுவிவிட்டார். அவர் நினைத்த அந்த இடம், கொஞ்ச காலம், இந்த நால்வருக்கு அண்ணா சாலையில் கிடைத்திருக்கிறது.

ஏழு மணி ஆகிவிட்டது. "பல்லவன் போயிடும்டி" என்றார் பெரம்பூர் அக்கா. பஸ்ஸுக்குப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகிறது, இவர் வாயில் மட்டும் மாறவில்லை. உண்மையில் அவருக்கு மகன் கார் அனுப்பியிருந்தான்.

கீழே இறங்க எஸ்கலேட்டருக்கு வந்தோம். பாட்டு எதுவும் ஓடவில்லை. கீழ்தளத்தில் யாரோ கைபேசியில் சத்தமாகப் பேசுவது மட்டும் கேட்டது. மயிலாப்பூர் அக்கா விளிம்பில் வந்து நின்றார். பெரம்பூர் அக்கா ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் மோதிர விரலால் ரப்பர் கைப்பிடியில் தட்டத் தொடங்கினார். நாலாவது தட்டுக்கு இருவரும் சேர்ந்து காலை வைத்தார்கள். மயிலாப்பூர் அக்கா அன்று சுடிதாரில் வந்திருந்தார். இடது கை மட்டும் தொடைக்கு முன்னால் போய், அங்கே இல்லாத கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது.