மழை மாதம்தான் நமக்குக் குளிர்காலம்

ஐரோப்பாவில் 5, 10 கிலோமீட்டர் சாலை ஓட்டங்களின் பெரிய நேரங்கள் பல குளிர்காலத்தில்தான் பதிவாகின்றன. 2021 டிசம்பர் 31 அன்று பார்சலோனாவில் எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி 5 கிலோமீட்டரை 12 நிமிடம் 49 விநாடியில் ஓடினார். 2024 ஜனவரியில் வலென்சியாவில் கென்யாவின் ஆக்னஸ் ங்கெடிச் 10 கிலோமீட்டரை 28 நிமிடம் 46 விநாடியில் முடித்தார். 29 நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் பெண் அவர்.

பெர்மாஸ் ஜெயாவில் ஏது குளிர்காலம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், விடிகாலையில் சில நாள் 22, 23 டிகிரிதான். வானம் மூடியிருக்கும், எட்டு மணிக்கும் முதுகில் வெயில் விழாது. எங்கள் குழுவில் சொந்தச் சாதனைக்கு ஆசைப்படுபவர்கள் எல்லாரும் இந்த இரண்டு மாதத்தைத்தான் குறிவைக்கிறோம்.

காரணம் எளிது. ஓடும்போது உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே போகிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். நம் ஊர் விடிகாலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிப் போகும் வியர்வையால் உடல் குளிராது. தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இரத்தம் அனுப்பவேண்டிய இதயம், அதே வேகத்துக்கு அதிகமாகத் துடிக்கிறது. இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே கால் அதை உணர்ந்துவிடும்.

இந்த இடத்தில் நீரிணைக்கு அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். வெறுங்கால் ஓட்டக்காரர் என்றே பெயர் வாங்கிய பி.சி. சுப்பையா, 1973-இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 விநாடியில் ஓடினார். அந்தச் சிங்கப்பூர்ச் சாதனை 41 ஆண்டுகள் நின்றது. 2014-இல் சோ ருய் யோங் அதை முறியடித்தது 31 நிமிடம் 15.95 விநாடியில், அமெரிக்காவின் போர்ட்லேண்டில். வித்தியாசம் மூன்று விநாடிதான்! நவீனக் காலணிகளைப் பற்றி யாராவது என்னிடம் நீளமாகப் பேசினால் நான் சுப்பையாவின் பெயரைத்தான் எடுப்பேன்.

என் கணக்கு இதைவிட மிகச் சிறியது. காலை நிகழ்ச்சி செய்கிற வானொலி அறிவிப்பாளருக்கு ஓடக் கிடைப்பது மாலையும் ஞாயிறும்தான். வாரத்தில் ஒரு நாள் ஒரு கிலோமீட்டரை ஆறு முறை வேகமாக ஓடுவேன், நடுவில் இரண்டு நிமிட நடை. மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஜூனில் 57 நிமிடம் 20 விநாடியாக இருந்த என் 10 கிலோமீட்டர், போன ஜனவரியில் 54 நிமிடம் 48 விநாடிக்கு வந்தது. “மழையில நனைஞ்சா சளி பிடிக்கும்டா” என்பது அம்மாவின் நிரந்தர அறிவிப்பு. சளியைவிட எனக்குப் பயம் இடி மின்னலும், நனைந்தால் வழுக்கும் சாலையின் வெள்ளைக் கோடுகளும்.

ஆனால் அந்த ஜூன் ஓட்டத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை. எங்களோடு ஓடும் அண்ணன் ஒருவர், வயது 46, ஒன்பதாவது கிலோமீட்டரில் தள்ளாடினார். “எந்த ஊர்ல இருக்கோம்?” என்று கேட்டார். பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 999-க்கு ஒருவர் அழைக்க, மற்றவர்கள் நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்று பக்கத்தில் இருந்த தண்ணீர் மேசையின் ஐஸ் பெட்டியை அப்படியே அவர் மேல் கவிழ்த்தோம். இரண்டு நாளில் வீடு திரும்பினார்.

வரும் ஜனவரியில் அவர் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறார், 5 கிலோமீட்டருக்கு மட்டும். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாக அண்ணியிடம் சத்தியம் செய்திருக்கிறாராம். அண்ணியும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.