விலாங்கு போகும் பாதை

சென்ற அடைமழையின்போது நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் காலிப் பால்டின்னில் நீளமான மீன் ஒன்றைக் கொண்டு வந்தான். "பாம்பு! பாம்பு!" என்று வகுப்பே பெஞ்சின்மேல் ஏறிக்கொண்டது.

"பெலுட்தானே, சார்?" என்றான் பையன்.

தலைக்குப் பின்னால் பார்க்கச் சொன்னேன். இருபுறமும் சிறு துடுப்பு இருந்தது. கெடா வயல்களில் வாழும் பெலுட்டுக்கு அது கிடையாது. வந்திருந்தது அசல் விலாங்கு.

பெலுட் சேற்றிலேயே பிறந்து, சேற்றிலேயே முட்டையிடும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் பழிக்கும் விலாங்கோ ஆழ்கடலில் பிறக்கிறது. கண்ணாடி இலைபோன்ற குஞ்சு நீரோட்டத்தோடு மாதக்கணக்கில் மிதந்து வரும். கரையை நெருங்கியதும் உடல் உருண்டு, ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். ஈரப் பாறையிலும் ஊர்ந்து ஏறும். பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்தபின் உடல் வெள்ளிநிறமாகும், கண் பெரிதாகும், இரை தின்பது நின்றுவிடும். கடலுக்குத் திரும்பி, ஒரே முறை முட்டையிட்டு மடியும். என்ன அதிசயம் பார்த்தீர்களா!

ஜப்பானிய விலாங்கின் முட்டைகளை மரியானா தீவுகளுக்கு மேற்கே கடலில் கண்டெடுத்ததே 2009-இல்தான். நம் வடமேற்கு ஆறுகளுக்கு வருபவை இந்துமாக்கடல் விலாங்குகள். நம் பாட்டன்மாரும் அந்தப் பக்கத்துக் கடலைத் தாண்டி வந்தவர்கள்தாமே!

இன்று இந்த மீனுக்கு ஆபத்து. ஐரோப்பிய ஆறுகளுக்கு வரும் குஞ்சுகள் 1980-க்கு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2009 முதல் அவற்றின் அனைத்துலக வாணிபத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. 2014-இல் ஜப்பானிய விலாங்கும் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. பண்ணை விலாங்குகளும் பெரும்பாலும் கடலோரத்தில் பிடித்த குஞ்சுகளே. அங்கே குறையக் குறைய, வியாபாரிகளின் கண் நம் பக்கத்து இனங்கள்மேல் விழுகிறது.

அணைகளும் பாதையை அடைக்கின்றன. ஆனால் அணை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மூடா, பெடு அணைகளால்தான் 1970 முதல் கெடா வயல்களில் இரண்டு போகம் விளைகிறது. நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். தூபா வேரை இடித்து ஓடையில் கலக்குவதும், பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுவதும் குஞ்சு குறுமான்களையும் சேர்த்துக் கொல்கின்றன. புல்லுக்கு அடிக்கும் மருந்து டின்னை ஓடையில் கழுவுவதும் அப்படியே. அந்தத் தண்ணீரில்தான் நம் பிள்ளைகளும் குளிக்கிறார்கள்.

பள்ளி விட்டதும் எல்லோரும் ஓடைக்குப் போனோம். பையன் டின்னைச் சாய்த்தான். விலாங்கு நழுவி மறைந்தது.

"வீட்டுக்குப் போய்ச் சேருமா, சார்?"

"வழியை நாம் கெடுக்காமல் இருந்தால் சேரும், தம்பி" என்றேன்.