கட்சி வேறு, கருத்து வேறு
கொல்கத்தாவில் தமிழ் சினிமா ரசிகர்கள்

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் வீட்டு வாடகை பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். ஊருக்குப் போக ரிசர்வேஷன் கிடைக்காதது, ஆடி மாதத்து வெள்ளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு ஆகிய எதிலும் நமக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் போன வாரம் வந்த படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் இருந்தால் பன்னிரண்டு அபிப்பிராயம் கிடைக்கும். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. காலையில் டூட்டிக்குப் போய், மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, வங்காளியும் இந்தியும் பேசி நாக்கு களைத்துத் திரும்புகிறவனுக்கு, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று தமிழில் தைரியமாகச் சொல்ல வாய்த்த இடம் சினிமாதான். சில நூறு ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

ரயிலேறி வந்த தமிழ்ப் படம்

தமிழ் சினிமாவைப் பற்றிப் பேச இந்த ஊர்த் தமிழனுக்குத் தனி உரிமையே உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு பம்பாயில் எடுக்கப்பட்டது. சென்னையில் ஸ்டூடியோக்கள் எழும்புவதற்கு முந்திய அந்த நாட்களில், நடிகர்களும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வெளியூருக்குப் போய்த்தான் படம் எடுத்தார்கள். அப்படி அவர்கள் வந்து இறங்கிய ஊர்களில் கல்கத்தாவும் ஒன்று.

டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' 1933-இல் இங்குள்ள பயனீர் ஸ்டூடியோவில் உருவாயிற்று. அதன் பின்னணியில் இருந்தவர் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் யார் தெரியுமா? திருச்சியில் ரயில்வே ஆபீஸில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டியவர். நம்மைப் போன்ற ரயில்வே சிப்பந்திகள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

1937-இல் வெளிவந்து ஓராண்டுக்கு மேல் ஓடிய 'சிந்தாமணி'யும், அதே ஆண்டில் வந்த 'அம்பிகாபதி'யும் கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனி ஸ்டூடியோவில் படமானவை. இரண்டிலும் கதாநாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். பிற்பாடு தமிழகத்தையே ஆண்ட எம்.ஜி.ஆர்., சிறு வேடங்களில் நடித்த காலத்தில் 'மாயா மச்சீந்திரா' (1939) படத்துக்காக இந்த ஊரில் தங்கியிருந்திருக்கிறார்.

கதை கொடுத்தவர்களும் வாங்கியவர்களும்

ஆபீஸில் என் மேஜைக்கு எதிர் மேஜையில் ஒரு வங்காளி அன்பர் இருக்கிறார். உத்தம் குமாரின் பரம பக்தர். ஒரு நாள் டிபன் வேளையில், "உங்கள் சிவாஜி நடித்த 'புதிய பறவை' எங்கள் உத்தம் படத்தின் காப்பிதானே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தமிழ் நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மா அளக்காதீங்க தாதா. எங்க ஆளு யாரைப் பார்த்தும் நடிக்கமாட்டாரு" என்று தமிழிலேயே பொரிந்து தள்ளினார்.

உண்மை என்னவென்றால், 1964-இல் வந்த 'புதிய பறவை', 1963-இல் உத்தம் குமார் நடித்து வெளிவந்த 'சேஷ் அங்கா' என்ற வங்காளிப் படத்தைத் தழுவியதுதான். அந்த வங்காளிப் படமோ 1958-இல் வந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற ஆங்கிலப் படத்தைத் தழுவியது. ஆங்கிலத்தில், செத்துப்போன அண்ணன் நான்தான் என்று ஒருவன் ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறான். வங்காளியில் அது மாறி, செத்த மனைவி நான்தான் என்று ஒருத்தி ஓர் ஆணிடம் வந்து நிற்கிறாள். தமிழிலும் அப்படியே.

இது ஒன்றோடு நிற்கவில்லை. 'மஞ்சள் மகிமை' (1959) வந்தது 'அக்னி பரீட்சா'விலிருந்து. பானுமதி நடித்த 'அன்னை' (1962) வந்தது 'மாயா மிருக'விலிருந்து. சௌகார் ஜானகி தயாரித்து இரட்டை வேடத்தில் நடித்த 'காவியத் தலைவி' (1970), சுசித்ரா சென் நடித்த 'உத்தர் பால்குனி'யிலிருந்து வந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் நம் நடிகருக்கு என்ன குறைந்துவிடும்? நானும் அந்த தாதாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். நம் படத்தில் பாட்டு குறுக்கிடும்போதெல்லாம் மர்மம் தளர்ந்துவிடுகிறது என்றார் அவர். அந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் அந்த மனிதனின் தனிமை நமக்குத் தெரியவே தெரியாது என்றேன் நான். கடைசியில் காதலியை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன், அவள் போலீஸ்காரி என்று அறிந்து நிற்கும் காட்சியில் சிவாஜியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்களுடையது" என்றார் அவர். சண்டை போட்டிருந்தால் இந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்திருக்குமா?

பேச்சு நின்ற கதை

கட்சி கட்டுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. எம்.ஜி.ஆர்.-சிவாஜி என்று நாம் பிரிந்த மாதிரி, உத்தம் குமார்-சௌமித்ர சாட்டர்ஜி என்று இங்கே வீட்டுக்கு வீடு பிரிந்து வாதாடினார்கள். கால்பந்தில் மோகன் பகான்-ஈஸ்ட் பெங்கால் சண்டை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். ஒருவருக்கு இறால், மற்றவருக்கு இலிஷ் மீன். ஆனால் ஆட்டம் முடிந்தபின் இரு கட்சியும் ஒரே டீக்கடையில் மண் கோப்பையில் டீ குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்களிடம் நான் கண்ட ஒன்று மனதை உறுத்துகிறது. ஒரே ஜில்லாவிலிருந்து வந்து, ஒரே மெஸ்ஸில் ஆறு வருஷம் சாப்பிட்ட இருவர். ஒரு பொங்கலுக்கு வந்த இரண்டு படங்களில் எது அதிகம் வசூல் என்று பேச்சு முற்றிற்று. செல்போனில் ஆளுக்கொரு கணக்கைக் காட்டினார்கள். "உனக்கு என்னடா தெரியும்?" என்பதில் ஆரம்பித்து, குடும்பத்தை இழுக்கும் வரை போய், பேச்சு நின்றுவிட்டது. சில மாதம் கழித்து ஒருவருடைய தகப்பனார் ஊரில் காலமானார். அவசரத்துக்கு டிக்கெட் வாங்கவும், ஸ்டேஷன் வரை கூட வரவும் ஆள் தேடி அவர் அலைந்திருக்கிறார். அடுத்த அறையில் இருந்த மற்றவருக்கு மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்று அவர் கேட்டதற்கு, "சொல்லத் தோணலை" என்று பதில் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இருவரும் எதிராளியின் படத்தைப் பார்க்கவே இல்லை. வசூலான பணத்தில் இருவருக்கும் ஒரு பைசா பங்கும் இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து பிழைக்கிறவனுக்கு, ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்ட ஒரு தமிழன் வேண்டும். அவனை ஒரு வசூல் கணக்குக்காக இழக்கலாமா?

வசூல் சொல்லாத தீர்ப்பு

வசூலை வைத்துப் படத்தை எடை போடுகிறவர்களுக்கு 1964-ஆம் வருஷப் பொங்கலை நினைவூட்டுகிறேன். அன்று சிவாஜியின் 'கர்ணன்' படமும் எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்' படமும் ஒரே நாளில் வந்தன. 'வேட்டைக்காரன்' நன்றாக ஓடியது. பெரும் செலவில் எடுத்த 'கர்ணன்' எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் 48 வருஷம் கழித்து, 2012-இல் புதுப்பித்து வெளியிட்டபோது, அதே 'கர்ணன்' சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. முதலில் வெளிவந்தபோது பிறந்தே இராதவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள்.

2003-இல் வந்த கமல்ஹாசனின் 'அன்பே சிவம்' இன்னொரு சாட்சி. மழை வெள்ளத்தால் புவனேசுவரத்தில் மாட்டிக்கொண்ட இருவர் ரயிலும் பஸ்ஸுமாகச் சென்னை போய்ச் சேரும் கதை. ஹௌரா-சென்னை மார்க்கத்தில் புயலிலும் வெள்ளத்திலும் மாட்டிய நமக்கு அந்தப் படம் சொந்த அனுபவம் மாதிரி. தியேட்டரில் அது தோற்றது. பிறகு டெலிவிஷனில் திரும்பத் திரும்பப் பார்த்த ஜனங்கள்தான் அதைக் கொண்டாடினார்கள்.

மாடிப்படி விமர்சகர்கள்

சினிமா விமர்சனம் ஆண்கள் சமாசாரம் என்றும், சீரியல் பெண்களின் பொழுதுபோக்கு என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் பேசுவதைக் கேட்டால் அந்த நினைப்பு மாறும். 1999-இல் தொடங்கிய 'சித்தி', 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' ஆகியவற்றை ஒரு நாள் விடாமல் பார்த்தவர்கள் அவர்கள். எங்கள் கட்டடத்து மூதாட்டி ஒருவர் சொல்வார்: "மெட்டி ஒலியிலே அஞ்சு பொண்ணைப் பெத்தவரு சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்கிறாரே, அதுபோதும், நெஞ்சு அடைச்சுக்கும். இப்ப வர்றதுல கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே வர்றதுக்கே ஒரு நாள் ஆயிடுது. எல்லார் மூஞ்சியையும் மூணு தரம் காட்டுறான்." இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் பத்திரிகையில் படித்ததில்லை.

கதை கொடுக்கல் வாங்கல் இன்றும் நடக்கிறது. 2019-இல் வங்காளியில் தொடங்கிய 'ஸ்ரீமயீ' சீரியலின் கதைதான் 2020-இல் 'பாக்கியலட்சுமி'யாகத் தமிழில் வந்தது. கணவனாலும் பிள்ளைகளாலும் மதிக்கப்படாத ஓர் இல்லத்தரசி சொந்தக் காலில் நிற்கும் கதை. எங்கள் மாடிப்படியில் தமிழ்ப் பெண்களும் வங்காளிப் பெண்களும் அரைகுறை இந்தியில், அந்தக் கணவனை அவள் மன்னிக்கலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் வாதாடினார்கள். யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தவில்லை. மறுநாள் ஒரு வீட்டிலிருந்து ரசமும் இன்னொரு வீட்டிலிருந்து சந்தேஷும் கைமாறின.

ஒரு ரசிகரின் கதை

இந்த ஊரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவர், சினிமா பார்த்துப் பார்த்து, நண்பர்களோடு சேர்ந்து 1947-இல் கல்கத்தா பிலிம் சொசைட்டியை ஆரம்பித்தார். 1950-இல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியபோது, சில மாதங்களில் ஏறக்குறைய நூறு படம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர்தான் சத்யஜித் ராய். டைரக்டர் ஆவதற்கு முன் அவரும் பிடிவாதமான அபிப்பிராயங்கள் உள்ள ஒரு ரசிகர்தான்.

அவர் எடுத்த 'நாயக்' (1966) படத்தை நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். முக்கால்வாசி ரயிலில் நடக்கிற கதை. உத்தம் குமார் ஒரு சினிமா நட்சத்திரமாகவே வருகிறார். ரயிலில் உள்ளவர்களில் அவரைக் கண்டு மயங்குகிறவர் உண்டு, சினிமாவே பாவம் என்று திட்டுகிறவரும் உண்டு. ஒரு பத்திரிகைக்காரப் பெண் மட்டும் ஆராதிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. எதிரே உட்கார்ந்து, கேள்வி கேட்டு, அவர் சொல்வதைக் கேட்கிறாள். அவர் தம் பயத்தையெல்லாம் அவளிடம்தான் கொட்டுகிறார். எழுதிய குறிப்பைக் கடைசியில் அவள் கிழித்துப் போடுகிறாள்.

இப்போது பெரிய தமிழ்ப் படங்கள் இந்த ஊர் மல்டிபிளெக்ஸ்களில் ஆங்கில சப்டைட்டிலோடு சில காட்சிகள் வருகின்றன. பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடுகின்றன. அந்தச் சில காட்சிகளுக்கும் கூட்டம் சேர்ந்தால்தான் அடுத்த படம் வரும். ஆகவே எந்தக் கட்சியானாலும் சேர்ந்தே போவோம். வெளியே வந்ததும் வசூல் எவ்வளவு என்று செல்போனைப் பார்க்க வேண்டாம். எந்தக் காட்சி பிடித்தது, ஏன் பிடித்தது என்று பக்கத்தில் நடப்பவரைக் கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே போக அது போதும்.