துப்பறிய ஒரு கிழவியா? ரயிலில் தினமும் பட்டிமன்றம்!

திருத்தணி:

கொலை நடந்துவிட்டது. போலீசார் திணறுகிறார்கள். கடைசியில் துப்பு துலக்குவது யார்? பக்கத்து வீட்டுக் கிழவி!

அவர் கையில் துப்பாக்கி இல்லை. தோட்டத்தில் களை பிடுங்கும் கை அது. பறவை பார்ப்பதற்கு என்று ஒரு பைனாகுலர் மட்டும் வைத்திருக்கிறார்.

"இது நம்புற மாதிரியா சார் இருக்கு?" என்கிறது ஒரு கட்சி. "ஏன், கிழவின்னா மூளை இல்லியா?" என்று பாய்கிறது எதிர்க்கட்சி.

திருத்தணியில் இருந்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு வரும் மின்சார ரயிலில், துப்பறியும் கதைப் பேச்சு எழுந்தால் இந்தச் சண்டையும் எழுந்துவிடும். ஒரு காலத்தில் கையில் பாக்கெட் நாவல். இன்று பலர் கையில் செல்போன். வாதம் மட்டும் மாறவில்லை.

பாதிரியார் வீட்டில் பிணம்

சண்டைக்குக் காரணமான கிழவியின் பெயர் மிஸ் மார்ப்பிள். கல்யாணம் ஆகாதவர். இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்தில் குடியிருப்பவர். அகதா கிறிஸ்டி எழுதிய சிறுகதை ஒன்றில் 1927-ம் ஆண்டு முதன்முதலாக வந்தார். அவர் துப்பறிந்த முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்'. 1930-ல் வெளியானது.

கதை இதுதான். ஊருக்கே பிடிக்காத ஒரு கர்னல். 'அந்த ஆளை எவனாவது கொன்றால் உலகத்துக்கு நல்லது' என்று சாப்பாட்டு மேஜையில் வாய்தவறிச் சொல்கிறார் பாதிரியார். அதே பாதிரியார் வீட்டில், எழுதும் மேஜையில் கவிழ்ந்தபடி பிணமாகக் கிடக்கிறார் கர்னல்! 'நான்தான் கொன்றேன்' என்று ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். இன்ஸ்பெக்டர் குழம்புகிறார். பக்கத்துத் தோட்டத்தில் இருந்து போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி மட்டும் குழம்பவில்லை.

கொலையாளி யார்? அதைச் சொன்னால் படிக்காதவர்கள் அடிக்க வருவார்கள். விட்டுவிடுவோம்.

"ஓட முடியுமா? குதிக்க முடியுமா?"

எதிர்ப்புக் கட்சியின் முதல் குற்றச்சாட்டு, விறுவிறுப்பு இல்லை என்பது. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று படித்து வளர்ந்தவர்கள் இவர்கள். "காரில் துரத்தணும், சுவர் ஏறிக் குதிக்கணும். டீ குடிச்சுக்கிட்டே கண்டுபிடிச்சா அது என்ன கிரைம் கதை?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, பாத்திரங்கள் அதிகம் என்பது. "யார் யாருக்கு என்ன உறவுன்னு நோட்டுப் போட்டு எழுதி வெச்சாத்தான் புரியுது."

இந்தப் புகாரில் கதாசிரியையே வாசகர் பக்கம்தான்! பாத்திரங்களும் கிளைக்கதைகளும் மிதமிஞ்சிப் போய்விட்டதாக, 1977-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் அகதா கிறிஸ்டி ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் கதையிலேயே மார்ப்பிளைக் கிழவியாக்கியது வசதியாக இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். பின்னே? 12 நாவல்கள் வரை அந்தக் கிழவி உயிரோடு இருந்தாக வேண்டுமே!

"யாரும் பார்க்கமாட்டாங்க"

ஆதரவுக் கட்சியில் பெண்கள் அதிகம். "கிரைம் கதைன்னா பொம்பளை ஒண்ணு பிணமா வருவா, இல்லேன்னா ஹீரோ பின்னாடி வருவா. வயசான பொம்பளை வந்தா கழுத்துச் சங்கிலி போயிடும். இந்தக் கதையிலதான் கிழவி நிமிர்ந்து நிக்கிறா" என்பது அவர்கள் கட்சி.

கிழவியின் பலமே அவரை யாரும் ஒரு பொருட்டாக மதிக்காததுதான் என்கிறார்கள் இவர்கள். போலீசைக் கண்டால் குற்றவாளி வாயை மூடுவான். கிழவி முன்னால் மூடமாட்டான். 'கிழவிதானே!' என்று நினைப்பான். அங்கேதான் மாட்டிக்கொள்வான்.

இது கற்பனையில் மட்டும் பிறந்தது அல்ல. கிறிஸ்டியின் பாட்டி நல்ல சுபாவக்காரர். ஆனால் யாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பாராம். பெரும்பாலும் அதுவே பலிக்குமாம்! அந்தக் குணத்தைத்தான் மார்ப்பிளுக்குக் கொடுத்தார்.

நம் நாட்டிலும் இந்தக் கிழவிக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. மார்ப்பிள் நாவல் ஒன்றைத் தழுவி ரிதுபர்ணோ கோஷ் எடுத்த வங்காளிப் படம் 'சுபோ மஹரத்', 2003-ல் வந்தது. அதில் துப்பறியும் அத்தையாக நடித்த ராக்கிக்கு தேசிய விருது கிடைத்தது. மும்பை டாக்டர் கல்பனா சுவாமிநாதன் ஆங்கிலத்தில் எழுதும் கதைகளில் லல்லி என்ற ரிட்டையர்டு போலீஸ் அதிகாரி துப்பறிகிறார். அறுபதைத் தாண்டிய பெண்மணி!

திருத்தணிக்கு ஒரு மார்ப்பிள்

சீமைக் கிழவி கிடக்கட்டும். அடிவாரத்தில் பூக்கட்டும் பாட்டிகளைப் பாருங்கள். மலைக்கு 365 படி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள், சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு மேலே ஏறுகிறார்கள். எத்தனையோ ஊர் முகங்கள். யார் சாமி கும்பிட வந்தவன், யார் அடுத்தவர் பையைப் பார்க்க வந்தவன் என்பது அந்தக் கண்களுக்குத் தெரியும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஆந்திராவில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் அப்போதைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நகரியும் புத்தூரும் கூப்பிடு தூரம். இங்குள்ள பெரியவர்கள் பலருக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும். கிழவிக்குப் புரியாது என்று நினைத்து வேறு பாஷையில் ரகசியம் பேசுகிறவன் கதி அதோகதி!

வம்பு சாட்சி ஆகுமா?

"எல்லாம் சரி, கிழவி பேசுறது வம்புதானே? கோர்ட்டில் நிக்குமா?" என்பது எதிர்க்கட்சியின் கடைசி அஸ்திரம்.

நியாயமான கேள்வி. 'அவ சொன்னா, இவ சொன்னா' என்பது கோர்ட்டில் எடுபடாது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதைத் தானே சொன்னால்தான் சாட்சி. ஆனால் வயதாகிவிட்டது என்பதற்காகவே ஒருவரின் சாட்சியைத் தள்ளிவிட முடியாது. தள்ளாமையால் கேள்வியே புரியவில்லை, முறையாகப் பதில் சொல்ல முடியவில்லை என்று கோர்ட்டு கருதினால்தான் தடை.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சாட்சி சொல்லப் பெண்களை போலீஸ் நிலையத்துக்கு வா என்று கட்டாயப்படுத்தக்கூடாது. அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் சட்டத்தில் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் இந்தச் சலுகை உண்டு.

'ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க, நமக்கு ஏன் வம்பு' என்று பயந்து எத்தனை பாட்டிகள் பார்த்ததை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறார்களோ! இன்னும் எத்தனை பாட்டிகளிடம் யாருமே கேட்கவில்லையோ!

ரயிலில் பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. அடுத்த முறை தெருவில் திருட்டு நடந்தால், மோப்ப நாய் வரும் முன் திண்ணைப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தீர்ப்பை அவரே சொல்லிவிடுவார்!